காலந்தாழ்ந்து வந்த கார்: சொகுசுச் செடானின் அழகும் அதன் முதுமையும்

1995 ஆம் ஆண்டில் புனே நகரில், டெல்கோ நிறுவனத்தின் வளாகத்தில், மெர்சிடிஸ் பென்ஸ் இ-கிளாஸ் கார் இந்தியாவில் முதன்முறையாகப் பூட்டி இணைக்கப்பட்டு வெளிவந்தது. நிறுவனத்தின் உள்வழக்கில் டபிள்யூ 124 எனக் குறிக்கப்பெற்ற மாதிரி அது. ஐரோப்பாவில் 1984 ஆம் ஆண்டின் இறுதியில் அறிமுகமாகிப் பத்தாண்டுகளுக்கும் மேலாக விற்பனையில் இருந்தது. இந்தியச் செல்வர் அதை வாங்கத் தொடங்கிய அதே 1995 இல், ஐரோப்பாவில் அதன் அடுத்த தலைமுறையான டபிள்யூ 210 கடைகளுக்கு வந்துவிட்டது. முகப்பில் நான்கு நீள்வட்ட விளக்குகளும் வளைந்து சரியும் பானெட்டுமாக, முந்தைய காரோடு எவ்விதச் சாயலும் அற்ற தோற்றம் அதற்கு. வெளிநாட்டு இதழ்களைப் படித்து வந்த இந்திய வாடிக்கையாளருக்குச் செய்தி தெளிவாகவே எட்டியது: இங்கே புதியதாக விற்கப்படுவது அங்கே பழையதாகிவிட்ட ஒன்று.

முப்பதாண்டுகள் கடந்த பின்னர் அந்த மதிப்பீடு தலைகீழாகியுள்ளது. டபிள்யூ 124 இன்று தன் காலத்துச் செடான்களுள் மிகச் சிறப்பாக முதுமையடைந்தவற்றுள் ஒன்றாகப் பழைய கார் ஆர்வலரிடையே போற்றப்படுகிறது. அதை ஒரே நாளில் பழையதாக்கிய டபிள்யூ 210 அத்தகைய மதிப்பைப் பெறவில்லை. நான்கு கண்களைக் கொண்ட அம்முகம் இன்று தொண்ணூறுகளின் நடுப்பகுதியை உடனே நினைவூட்டுகிறது. அந்த ஆண்டுகளை விட்டு வெளியே வர அதனால் இயலவில்லை.

இங்கிருந்து ஒரு வினா பிறக்கிறது. சொகுசுக் காரின் தோற்றம் காலத்தைத் தாங்குமா என்று கேட்கும்போது எந்தக் காலத்தைக் கேட்கிறோம்? காரை உருவாக்கிய நிறுவனத்தின் காலமா, அதைப் பார்க்கும் கண்ணின் காலமா, அல்லது அதைச் சாலையில் ஓட அனுமதிக்கும் அரசின் காலமா? இம்மூன்றும் ஒரே வேகத்தில் ஓடுவதில்லை. செடானின் வடிவ வரலாறு பெரும்பாலும் முதல் இரண்டைக் கொண்டே எழுதப்பட்டுள்ளது. இந்தியச் சூழலில் மூன்றாவதை விட்டுவிட்டு அவ்வரலாற்றை எழுத இயலாது.

*

தோற்றம் பழையதாவது இயற்கையாக நிகழ்வதென்று பொதுவாக எண்ணுகிறோம். கார் தொழிலைப் பொறுத்தவரை அது திட்டமிட்டு நிறுவப்பட்ட ஓர் ஏற்பாடு. ஹென்றி ஃபோர்டின் மாடல் டி ஏறத்தாழ மாற்றமின்றிப் பல ஆண்டுகள் விற்றுக்கொண்டிருந்தபோது, ஜெனரல் மோட்டார்ஸின் தலைவர் ஆல்ஃப்ரெட் ஸ்லோன் வேறு வழியைத் தேர்ந்தார். ஆண்டுதோறும் தோற்றத்தில் மாற்றம் செய்தால், நன்றாக ஓடிக்கொண்டிருக்கும் காரையே அதன் உரிமையாளர் மனக்குறையுடன் பார்ப்பார். 1927 இல் அந்நிறுவனத்தில் கலை மற்றும் வண்ணப் பிரிவு தொடங்கப்பட்டது. அதற்குத் தலைமையேற்றவர் ஹார்லி ஏர்ல். எஞ்சின் தேய்வதற்கு முன்பே தோற்றத்தைத் தேயச் செய்யும் கலை நிறுவனமயமானது அங்கேதான்.

ஏர்லின் பிரிவு உருவாக்கிய அடையாளங்களுள் மிகப் புகழ்பெற்றது வால்துடுப்பு. லாக்ஹீட் பி-38 போர் விமானத்தின் வாலால் தூண்டப்பெற்று 1948 காடிலாக்கில் சிறு மேடாகத் தோன்றிய அது, ஆண்டுக்காண்டு வளர்ந்து, 1959 காடிலாக்கில் ராக்கெட் வடிவ விளக்குகளைத் தாங்கிய கூரிய சிறகாக உச்சத்தை அடைந்தது. அதன் பின்னர் சுருங்கத் தொடங்கிச் சில ஆண்டுகளில் மறைந்தே போனது. மெர்சிடிஸ் நிறுவனமும் 1959 இல் தன் டபிள்யூ 111 செடானில் அடக்கமான வால்துடுப்புகளை வைத்தது. அமெரிக்காவில் அந்த நாகரிகம் இறங்குமுகம் காணவிருந்த வேளையில் அது நிகழ்ந்தது என்பது குறிப்பிடத்தக்கது. வேறோரிடத்தின் கடிகாரத்தைப் பார்த்துத் தன் நேரத்தை வைத்துக்கொள்பவர்க்கு நேரும் இடர் அது.

இதற்கு எதிர்முனையில் நிற்பது 1961 லிங்கன் கான்டினென்டல். எல்வுட் எங்கெல் என்னும் வடிவமைப்பாளர் முதலில் தண்டர்பேர்டு காருக்கென உருவாக்கிய மாதிரியே பின்னர் நான்கு கதவுகள் கொண்ட லிங்கனாக வளர்ந்தது. முந்தைய லிங்கனைவிட நீளம் ஓரடிக்கும் மேல் குறைந்தது. பக்கவாட்டில் குரோம் அலங்காரம் ஏறக்குறைய முழுவதும் நீக்கப்பட்டு, மேல்விளிம்பு நெடுகிலும் ஒரே ஒரு பளபளக்கும் கோடு மட்டும் ஓடியது. அமெரிக்கத் தொழில்துறை வடிவமைப்பாளர் அமைப்பு அதற்கு விருதும் வழங்கியது. அடிப்படை உருவம் பெரிதும் மாறாமல் அந்தக் கார் 1969 வரை நீடித்தது. ஆண்டுக்கோர் உருவம் என்ற ஸ்லோனின் நாட்டில் இது சிறிய செய்தியன்று.

பாடம் தெளிவாக இருப்பதாகத் தோன்றும்: அலங்காரம் விரைவில் மூப்படையும்; விகிதாசாரம் நிலைக்கும். ஆனால் வரலாறு அவ்வளவு எளிதாக அடங்குவதில்லை. 1959 காடிலாக் இன்று அழகற்ற பொருளாகக் கருதப்படுவதில்லை. அமெரிக்க ஐம்பதுகளின் தன்னம்பிக்கைக்கு ஓர் உருவம் தருக என்றால் பலரும் சுட்டிக்காட்டுவது அதையே. அறுபதுகளில் மிகையாகவும் எழுபதுகளில் கேலிக்குரியதாகவும் பட்ட ஒன்று பின்னர் சின்னமாக மீண்டது.

ஆடை வரலாற்றாசிரியர் ஜேம்ஸ் லேவர் 1930களில் முன்வைத்த ஒரு காலவரிசை இங்கே துணை நிற்கும். ஓர் உடை தன் காலத்துக்குப் பத்தாண்டு முன்னர் அணியப்பட்டால் அநாகரிகமாகப் படும், தன் காலத்தில் நேர்த்தியாகத் தோன்றும், பத்தாண்டு கழித்து அருவருப்பூட்டும், இருபதில் நகைப்புக்கிடமாகும், ஐம்பதில் விந்தையான ஈர்ப்பைப் பெறும், நூற்றாண்டைத் தாண்டினால் அழகாகிவிடும் என்பது அதன் சாரம். எண்களைக் கறாரான விதியாகக் கொள்ள வேண்டியதில்லை. அதன் வளைவே முக்கியம். ஒரு தோற்றம் மிகவும் வெறுக்கப்படும் காலம் அது மிகப் பழையதாகும்போது வருவதில்லை. சற்றே பழையதாகும்போது வருகிறது.

ஆகவே 'சிறப்பாக முதுமையடைதல்' என்னும் சொல்லுக்குள் இரு வேறு நிகழ்வுகள் ஒளிந்துள்ளன. ஒன்று, லேவரின் பள்ளத்தில் விழாமலேயே கடந்துபோவது. லிங்கன் அவ்வகை. மற்றொன்று, பள்ளத்தில் விழுந்து, நெடுநாள் கிடந்து, மறுகரையில் ஏறுவது. காடிலாக் அவ்வகை. முதலாவதற்கு வடிவமைப்பாளரின் திறம் தேவை. இரண்டாவதற்கு வேறொன்றும் தேவை: பள்ளத்தில் கிடக்கும் ஆண்டுகளில் அந்தப் பொருள் அழிக்கப்படாமல் இருக்க வேண்டும். இவ்வேறுபாடு கட்டுரையின் இறுதியில் மீண்டும் தேவைப்படும்.

*

பள்ளத்தில் விழாமல் கடப்பதை ஒரு கொள்கையாகவே வகுத்துக்கொண்டவர் புரூனோ சாக்கோ. இத்தாலியின் ஊதினே நகரில் 1933 இல் பிறந்த அவர், 1975 முதல் 1999 வரை மெர்சிடிஸ் வடிவமைப்புப் பிரிவின் தலைவராக இருந்தார். அவர் வலியுறுத்திய நெறிகள் இரண்டு. ஒரே காலத்தில் விற்கப்படும் சிறிய காரும் பெரிய காரும் ஒரு குடும்பத்துப் பிள்ளைகளாகத் தெரிய வேண்டும் என்பது முதலாவது. இதைக் கிடைநிலை ஒருமை எனலாம். புதிய தலைமுறைக் கார் தனக்கு முந்தையதைப் பழையதாக்கிவிடக் கூடாது என்பது இரண்டாவது. இதைச் செங்குத்து உறவு எனலாம்.

இரண்டாவது நெறிக்குப் பின்னே ஒரு கணக்கு உண்டு. இத்தகைய கார் ஏறத்தாழ பத்தாண்டுகள் உற்பத்தியில் இருக்கும். கடைசியாக வந்த கார் அதன் பிறகும் பல்லாண்டுகள் சாலையில் ஓடும். வரைபலகையில் தோன்றியதிலிருந்து எண்ணினால் ஒரு வடிவம் முப்பதாண்டு அளவுக்குக் கண்ணுக்குப் பொருந்தியாக வேண்டும். ஸ்லோனின் ஏற்பாட்டுக்கு நேர் எதிரான வணிக அறிவு இது. அங்கே பழைய காரின் மதிப்பை வீழ்த்துவதன் மூலம் புதியது விற்றது. இங்கே பழைய காரின் மதிப்பைக் காப்பதன் மூலம் புதியது விற்றது.

1979 இல் வந்த டபிள்யூ 126 எஸ்-கிளாஸும், 1982 இன் 190 மாதிரியும், 1984 இன் டபிள்யூ 124 உம் இக்கணக்கின் விளைவுகள். எண்ணெய் நெருக்கடிக்குப் பிந்தைய ஆண்டுகளில் காற்றின் தடையைக் குறைக்க வேண்டியிருந்தது. டபிள்யூ 124 இன் உடல் பின்புறம் நோக்கி மெல்லக் குறுகுவது அதற்காகவே. டிக்கியின் மூடி பம்பர் வரை கீழிறங்கி வெட்டப்பட்டிருப்பது பெட்டிகளைத் தூக்கி வைக்க எளிதாக இருக்கும் பொருட்டு. அந்தக் காரின் கோடுகளுள் பெரும்பாலானவற்றிடம் 'நீ ஏன் இங்கே இருக்கிறாய்' என்று கேட்டால் விடை கிடைக்கும். விடை சொல்லத் தெரிந்த கோடு மெல்ல மூப்படைகிறது. ஏனெனில் அது எந்த ஆண்டின் நாகரிகத்தையும் சாட்சிக்கு அழைப்பதில்லை.

ஆயினும் சாக்கோவை ஒரு முனிவராக்குவது பிழையாகும். 1991 இல் வந்த டபிள்யூ 140 எஸ்-கிளாஸ் அவர் தலைமையில் உருவானதே. அதன் உயரம் மிகுதி என்ற மனக்குறை அவருக்கே இருந்தது. முகத்தை அடியோடு மாற்றிய டபிள்யூ 210 உம் அவர் பொறுப்பில் இருந்தபோதே வந்தது. செங்குத்து உறவு என்னும் நெறியை அறுத்தது அதை வகுத்த பிரிவேதான். ஜப்பானிலிருந்து 1989 இல் வந்த லெக்சஸ் எல்.எஸ். 400, அடக்கமான தோற்றத்தையும் குறையற்ற தரத்தையும் குறைந்த விலையில் தர முடியும் என்று காட்டிவிட்டிருந்தது. அடக்கம் பிறர்க்கும் கைவந்த பிறகு, மெர்சிடிஸ் தனித்துத் தெரிய வேறு வழி தேட வேண்டியதாயிற்று. காலத்தைத் தாங்கும் வடிவம் என்பது வடிவமைப்பாளரின் மனவுறுதியைவிட நிறுவனத்தின் சந்தை நிலையையே அதிகம் சார்ந்தது என்பதற்கு இது சான்று.

மறுபுறம், முதுமையடையவே மறுத்த ஒரு வடிவம் தன்னை உருவாக்கியவரையே சிறைப்படுத்தியதும் உண்டு. சர் வில்லியம் லயன்ஸின் மேற்பார்வையில் 1968 இல் வந்த ஜாகுவார் எக்ஸ்.ஜே. அத்தகையது. தாழ்ந்த உடலும் நான்கு வட்ட விளக்குகளும் பின்சக்கரத்தின்மேல் மெல்ல எழும் தசை போன்ற வளைவும் அதன் இலக்கணமாயின. அந்த இலக்கணத்தை மீறும் துணிவு நெடுங்காலம் எவர்க்கும் வரவில்லை. 2003 இல் உடல் முழுவதும் அலுமினியத்தால் ஆன, பொறியியலில் மிகவும் முன்னேறிய எக்ஸ்.ஜே. வந்தது. வெளித்தோற்றத்திலோ அது 1968 ஐ மீண்டும் உடுத்திக்கொண்டிருந்தது. உள்ளே இருந்த புதுமையைக் கண் நம்ப மறுத்தது. 2008 இல் டாட்டா மோட்டார்ஸ் ஜாகுவாரையும் லேண்ட் ரோவரையும் வாங்கிய பின்னர், 2009 இல் வெளியிடப்பட்ட இயன் கேலமின் எக்ஸ்.ஜே. அச்சிறையை உடைத்தது. பத்தாண்டுகளில் அதன் உற்பத்தியும் நின்றது. நன்றாக முதுமையடைவது எப்போதும் நிறுவனத்துக்கு நன்மையே பயக்கும் என்று கொள்ள இயலாது.

*

இந்தியாவுக்கு வருவோம். இங்கே ஸ்லோனின் கடிகாரமும் ஓடவில்லை. சாக்கோவின் கடிகாரமும் ஓடவில்லை. உரிமங்களின் ஆட்சியில், எந்தக் காரை எத்தனை எண்ணிக்கையில் செய்யலாம் என்பதை அரசு தீர்மானித்தது. வெளிநாட்டுக் கார்களைச் சுங்கவரி தடுத்தது. புதிய மாதிரிக்கான எந்திரங்களை இறக்குமதி செய்ய அந்நியச் செலாவணி தட்டுப்பாடாக இருந்தது. இச்சூழலில் பிரிட்டனின் மாரிஸ் ஆக்ஸ்ஃபோர்டு மூன்றாம் வரிசை, மேற்கு வங்கத்தின் உத்தர்பாராவில் 1950களின் பிற்பகுதியில் இந்துஸ்தான் அம்பாசிடராக மாறியது. மார்க் 2, மார்க் 3, மார்க் 4 என்று பெயர்கள் மாறின, கிரில் மாறியது, விளக்குகளைச் சூழ்ந்த உறுப்புகள் மாறின. உருண்ட கூரையும் தடித்த தோள்களும் 2014 இல் உற்பத்தி நிற்கும் வரை அப்படியே இருந்தன.

மாரிஸ் ஆக்ஸ்ஃபோர்டு தன் சொந்த நாட்டில் ஒரு நடுத்தரக் குடும்பக் கார். உயர்நிலையின் அடையாளமாக அது என்றும் கருதப்படவில்லை. இந்தியாவில் அதே உடல், வெள்ளை வண்ணமும் சன்னல் திரைகளும் கூரைமேல் சிவப்பு விளக்கும் பெற்று, ஆட்சி அதிகாரத்தின் உருவமாயிற்று. சொகுசு என்பது பொருளின் உள்ளியல்பாக இல்லாமல் அதைச் சூழ்ந்த பற்றாக்குறையிலிருந்தும் பதவியிலிருந்தும் பிறக்கக்கூடும் என்பதை இதைவிடத் தெளிவாகக் காட்டும் கார் அரிது. நாடாளுமன்றத் தாக்குதலுக்குப் பிந்தைய ஆண்டுகளில், பாதுகாப்புக் காரணங்களால், பிரதமரின் பயணத்துக்குக் குண்டு துளைக்காத பி.எம்.டபிள்யூ. 7 வரிசைக் கார்கள் வந்தன. அம்பாசிடர் அரச பீடத்திலிருந்து இறங்கியது அதன் உருவம் சலித்துப்போனதால் என்று கூறுவதற்கில்லை.

அம்பாசிடர் நன்றாக முதுமையடைந்ததா? பக்கத்தில் நிறுத்தி ஒப்பிட வேறொன்று இல்லாத இடத்தில் எந்தத் தோற்றமும் மூப்படைவதில்லை. 1983 இல் மாருதி 800 வந்து அதன் அருகில் நின்ற அன்றுதான் அம்பாசிடருக்கு வயது தெரியத் தொடங்கியது. முதுமை என்பது ஒரு பொருளின் குணம் என்பதைவிட இரு பொருள்களுக்கிடையிலான உறவு என்பதே பொருந்தும்.

எண்பதுகளின் நடுப்பகுதியில் இந்தியச் செல்வருக்கென வந்த இரு கார்கள் இதை மேலும் விளக்கும். முதலாவது சென்னையில் இயங்கிய ஸ்டாண்டர்டு மோட்டார் புராடக்ட்ஸ் நிறுவனத்தின் ஸ்டாண்டர்டு 2000. டேவிட் பேஷ் தலைமையில் வடிவமைக்கப்பட்டு, 1976 இல் பிரிட்டனில் வெளிவந்து, அடுத்த ஆண்டுக்கான ஐரோப்பாவின் சிறந்த கார் விருதைப் பெற்ற ரோவர் எஸ்டி1 இன் உடல் அது. கறாராகச் சொன்னால் அது செடான் அன்று. பின்பக்கம் மேல்நோக்கித் திறக்கும் ஐந்து கதவுக் கார். ஃபெராரி டேடோனாவை நினைவூட்டும் கூர்மூக்கும் நீண்டு சரியும் முதுகும் அன்றைய இந்தியச் சாலையில் வேறெந்தக் காருக்கும் இல்லாதவை. ஆனால் பிரிட்டனில் 3.5 லிட்டர் வி8 எஞ்சின் இருந்த இடத்தில், இங்கே பல பத்தாண்டுகள் பழைய 2 லிட்டர் எஞ்சின் அமர்ந்தது. இந்தியச் சாலைகளுக்காகத் தரையிலிருந்து உயரமும் கூட்டப்பட்டது. தாழ்ந்து பாயும் காருக்கென வரையப்பட்ட உடல் கால் ஊன்றி எழுந்து நின்றது. 1985 இல் தொடங்கிய அதன் உற்பத்தி 1988 அளவில் முடிவுற்றது.

இரண்டாவது கான்டெஸ்ஸா. வாக்ஸால் நிறுவனம் 1972 இல் விக்டர் என்ற பெயரில் அறிமுகப்படுத்திப் பின்னர் வி.எக்ஸ். வரிசையாக விற்று, 1978 இல் நிறுத்திய காரின் அச்சுகளைப் பெற்று, 1984 இல் இந்துஸ்தான் மோட்டார்ஸ் அதை வெளியிட்டது. முதலில் அம்பாசிடரின் 1.5 லிட்டர் எஞ்சினே அதற்கும் பொருத்தப்பட்டது. பெரிய உடலை இழுக்க அது திணறியது. பின்னர் இசுசு நிறுவனத்தின் 1.8 லிட்டர் எஞ்சின் வந்தபோது அந்த உடல் முதன்முறையாகத் தன் தோற்றத்துக்கேற்ப ஓடியது. கான்டெஸ்ஸா 2002 வரை வாழ்ந்தது.

இவ்விரண்டையும் அருகருகே வைத்துப் பார்த்தால் வடிவ அழகியலில் அதிகம் பேசப்படாத ஒன்று புலப்படும். காரின் தோற்றம் ஒரு வாக்குறுதி. நீண்ட பானெட் ஆற்றலை வாக்களிக்கிறது. தாழ்ந்த உடல் வேகத்தை வாக்களிக்கிறது. வாக்குறுதி காக்கப்படாதபோது தோற்றம் பழையதாவதற்கு முன்பே பொய்யாகிவிடுகிறது. பேஷின் கோடுகளில் பிழையில்லை. பிரிட்டனில் இன்றும் அந்தக் கார் நேசிக்கப்படுகிறது. இந்தியாவில் அதே கோடுகளுக்கு முதுமையடையும் வாய்ப்பே தரப்படவில்லை. கான்டெஸ்ஸாவின் வடிவம் பேஷினுடையதைப் போன்ற சாதனை அன்று. ஆயினும் பிற்காலத்தில் அது தன் வாக்கை ஓரளவு காத்தது. இன்று இந்தியப் பழைய கார் ஆர்வலரிடம் அதற்கு இருக்கும் செல்வாக்குக்கு அதுவும் ஒரு காரணமாகலாம்.

தாராளமயத்துக்குப் பின்னரும் இந்தக் காலத்தாழ்வு உடனே நீங்கவில்லை. 1995 இல் இந்தியாவுக்கு வந்த டேவூ சியலோவின் அடித்தளம் 1984 இன் ஓப்பல் கடெட்டிலிருந்து பெறப்பட்டது. அதே ஆண்டில் புனேயில் பிறந்த டபிள்யூ 124 உம் 1984 இன் குழந்தையே. இரண்டும் பதினோரு ஆண்டு தாமதித்து வந்தவை. ஒன்று மறக்கப்பட்டது, மற்றொன்று நினைக்கப்படுகிறது. ஆகவே தாமதம் மட்டும் ஒரு வடிவத்தைக் கொல்வதில்லை.

*

வரலாற்றின் தீர்ப்பை நம்பிப் பள்ளத்தில் துணிந்து குதித்த கார் ஒன்றையும் இங்கே நினைக்க வேண்டும். 2001 இல் வந்த பி.எம்.டபிள்யூ. 7 வரிசை, இ65, கிறிஸ் பேங்கிள் வடிவமைப்புத் தலைவராக இருந்தபோது உருவானது. உடலின்மேல் தனியே தூக்கி வைத்தது போன்ற டிக்கி மூடியும், இமை தடித்த முகப்பு விளக்குகளும் பெரும் எதிர்ப்பைக் கிளப்பின. பேங்கிளை நீக்கக் கோரி இணையத்தில் கையொப்ப இயக்கமே நடந்தது. அதற்கு முந்தைய இ38 மாதிரியின் நேர்த்தியை எடுத்துக்காட்டியே விமர்சகர்கள் பேசினர். ஆயினும் கார் நன்றாக விற்றது. அந்த மேடிட்ட டிக்கியின் சாயல் பின்னர் பிற நிறுவனங்களின் கார்களிலும் தென்பட்டது.

இ65 இன்று லேவரின் இருபதாம் ஆண்டைக் கடந்து முப்பதை நோக்கிச் செல்கிறது. இ38 பள்ளத்தில் விழாமலேயே கடந்துவிட்டது. இ65 இன்னும் உள்ளே கிடக்கிறது. ஏறுமா என்பதை இன்றைய கண்கள் முடிவு செய்துவிட முடியாது. 2022 இல் வந்த 7 வரிசை, பிளந்த முகப்பு விளக்குகளோடும் ஒளிரும் பெரிய கிரிலோடும் மீண்டும் அதே வகை எதிர்ப்பைச் சந்தித்தது. அதைக் கண்டோர் பலர் இ65 ஐ அன்போடு நினைவுகூரத் தொடங்கினர். ஒரு முதுமையின் அளவுகோல் அடுத்து வருவதன் கையில் இருக்கிறது என்பதற்கு வேறு சான்று வேண்டியதில்லை.

அண்மைக்காலக் கார்களில் புதிய சிக்கல் ஒன்றும் சேர்ந்துள்ளது. 2021 இன் மெர்சிடிஸ் இ.க்யூ.எஸ். மின்காரில், கதவிலிருந்து கதவு வரை 141 சென்டிமீட்டர் அகலத்துக்குக் கண்ணாடித் திரைப்பரப்பைப் பொருத்தலாம். 2022 இன் 7 வரிசையில் பின்னிருக்கைக்காரருக்கென 31.3 அங்குலத் திரை கூரையிலிருந்து இறங்குகிறது. மரமும் தோலும் தேயும்போது அழகு கூடும். அவை மூப்பதற்கு மனிதக் கண் பழகியிருக்கிறது. திரை அவ்வாறு மூப்பதில்லை. அது கைப்பேசியின் கடிகாரத்தில் ஓடுகிறது. மென்பொருள் ஆதரவு நின்றபின் அத்திரை வெறும் கரிய கண்ணாடியாகலாம். உலோகம் முப்பதாண்டு வாழும் காரில், உள்ளறையின் முகம் பத்தாண்டில் இறக்கக்கூடும். சாக்கோவின் கணக்கு இங்கே செல்லுபடியாகாது.

*

இனி மூன்றாவது கடிகாரம். 2015 இல் தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் தலைநகர் வட்டாரத்தில் 10 ஆண்டு கடந்த டீசல் வாகனங்களும் 15 ஆண்டு கடந்த பெட்ரோல் வாகனங்களும் ஓடக் கூடாதென ஆணையிட்டது. 2018 இல் உச்ச நீதிமன்றம் அதை உறுதி செய்தது. அதன் நடைமுறை பின்னர் மீண்டும் வழக்காடலுக்கு உள்ளாயிற்று. தில்லியின் காற்றை அறிந்த எவரும் அந்த ஆணையின் நோக்கத்தை எளிதில் மறுக்க மாட்டார். மூச்சுத் திணறும் குழந்தையின் உரிமைக்கு முன் ஒரு செடானின் கோடுகள் சிறியவையே.

மறுபுறம், 2021 ஜூலையில் மோட்டார் வாகன விதிகளில் செய்யப்பட்ட திருத்தம், பெரிய மாற்றங்களுக்கு உள்ளாகாத 50 ஆண்டு கடந்த இருசக்கர, நான்குசக்கர வாகனங்களைப் பழம்பெரும் வாகனங்களாக ஏற்று, அவற்றுக்குத் தனிப் பதிவெண் வரிசை வழங்க வழி செய்தது. அன்றாடப் பயன்பாட்டுக்கு அவை ஓடக் கூடாது. கண்காட்சி, அணிவகுப்பு போன்றவற்றுக்குச் செல்லலாம். பாதுகாப்பு நோக்கில் இது வரவேற்கத்தக்க விதி.

இவ்விரு விதிகளையும் ஒரே காலக்கோட்டில் வைத்துப் பார்க்க வேண்டும். 1995 இல் புனேயில் செய்யப்பட்டுத் தில்லியில் பதிவான டீசல் இ-கிளாஸ் ஒன்றை எடுத்துக்கொள்வோம். தீர்ப்பாயத்தின் அளவுகோலின்படி அதன் ஆயுள் 2005 இலேயே முடிந்துவிட்டது. பழம்பெரும் வாகனமாக மதிக்கப்பட அது 2045 வரை காத்திருக்க வேண்டும். இடைப்பட்ட நாற்பது ஆண்டுகள் அது சட்டத்தின் கண்ணில் வெறும் பழைய இரும்பு. லேவரின் பள்ளமும் ஏறத்தாழ அதே ஆண்டுகளில்தான் அமைகிறது. கண் வெறுக்கும் காலமும் சட்டம் கைவிடும் காலமும் ஒன்றன்மேல் ஒன்று படிகின்றன. அந்தக் காலத்தில் காரைக் காக்க உணர்ச்சியும் இல்லை, ஊக்கமும் இல்லை, உரிமமும் இல்லை.

இதன் விளைவு வரலாற்று மாணவருக்குக் கவலை தர வேண்டியது. கோயம்புத்தூரின் ஜி.டி. கார் அருங்காட்சியகம், ஹரியானாவின் தாவடூவிலுள்ள பாரம்பரியப் போக்குவரத்து அருங்காட்சியகம் போன்ற தனியார் முயற்சிகள் பாராட்டுக்குரியவை. ஆனால் எவ்வளவு பெரிய அருங்காட்சியகமும் ஒரு தலைமுறைக் கார்கள் அனைத்துக்கும் அடைக்கலம் தர முடியாது. மன்னர்களின் ரோல்ஸ் ராய்ஸ்கள் தம் புகழாலேயே காக்கப்படும். அம்பாசிடரும் எண்ணிக்கையாலும் ஏக்கத்தாலும் பிழைக்கும். ஸ்டாண்டர்டு 2000, கான்டெஸ்ஸா, சியலோ, முதல் புனே இ-கிளாஸ் ஆகியவற்றுக்கு அத்தகைய காவல் இல்லை. மூடிய சந்தை திறந்த சந்தையாக மாறிய இருபது ஆண்டுகளில் இந்தியர் எதைச் சொகுசு என்று கருதினர், எதற்காக ஏங்கினர், எதில் ஏமாந்தனர் என்பதற்கு அவையே நேரடிச் சான்றுகள். ஆவணக் காப்பகத்தில் உரிமக் கோப்புகள் கிடைக்கலாம். ஆனால் தரையிலிருந்து உயர்த்தப்பட்ட ஸ்டாண்டர்டு 2000 எப்படி நின்றது என்பதைக் கோப்பு காட்டாது.

காற்றின் தூய்மையும் பொருள்வரலாறும் ஒன்றுக்கொன்று பகை என்று கொள்ள வேண்டியதில்லை. ஆண்டுக்குச் சில நாள் மட்டுமே ஓடும் கார்களால் நகரின் புகை கூடிவிடாது. ஐம்பது ஆண்டு என்ற எல்லைக்கும் பத்து, பதினைந்து ஆண்டு என்ற எல்லைக்கும் நடுவே, ஓட்டத்தைக் கடுமையாகக் கட்டுப்படுத்திப் பாதுகாப்பை மட்டும் அனுமதிக்கும் இடைநிலைப் பிரிவு ஒன்று போதும். ஜெர்மனியில் 30 ஆண்டு நிறைந்து, நன்னிலையில் இருக்கும் வாகனங்களுக்கு வரலாற்று வாகனம் எனத் தனி அடையாளப் பதிவு உண்டு. டபிள்யூ 124 தன் பிறந்த நாட்டில் அந்த வாயிலைக் கடந்துகொண்டிருக்கிறது.

ஆக, சொகுசுச் செடானின் தோற்றம் காலத்தைத் தாங்குமா என்ற வினாவுக்கு வடிவமைப்பாளரின் மேசையில் பாதி விடையே உள்ளது. காரணம் உடைய கோடு, காக்கப்பட்ட வாக்குறுதி, முந்தையதை இழிவுபடுத்தாத பிந்தையது ஆகியவை அந்தப் பாதி. மறுபாதி, தீர்ப்பு வரும் நாள் வரை அந்தப் பொருள் இருக்க விடப்படுகிறதா என்பது. 1995 இல் பழையதென்று முகம் சுளிக்கப்பட்ட கார் இன்று அழகென்று சொல்லப்படுவதற்கு, அவற்றுள் சில இன்னும் யாரோ ஒருவர் வீட்டுக் கொட்டகையில் நிற்பதே முதற்காரணம்.